பிரஷ்ஷுக்குள் வண்ணம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் கணினி இணைப்பில், படம் திருத்தும் மென்பொருள்களில் ஒரே பிரஷ்ஷால் பல வண்ணங்களைத் தீட்டுவது பற்றி அரைப் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. இந்த மாதிரி விஷயங்களைத் தமிழில் எழுத ஆள் கிடைப்பதே அபூர்வம், அதனால் வேலை மெனக்கெட்டுக் குறை சொல்ல வந்துவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் கட்டுரையின் அடிப்படையே தவறு. பிடித்த படத்தை வெட்டியெடுத்து பிரஷ்ஷாகச் சேமித்துக்கொண்டால் அதே வண்ணங்களோடு நினைத்த இடத்தில் தீட்டலாம் என்று எழுதியிருக்கிறார்கள். போட்டோஷாப்பில் அது நடக்காது. இன்று மட்டுமல்ல, என்றைக்குமே நடந்ததில்லை.

எனக்கு இது எப்படித் தெரிய வந்தது என்றால், என் தம்பி மகள் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு என் கணினியில் உட்கார்ந்தாள். ஒன்பதாம் வகுப்பு. ஒரு சூரியகாந்திப் படத்தை எடுத்து, பூவைச் சுற்றி அரை மணி நேரம் பொறுமையாக வெட்டி, எடிட் மெனுவில் போய் டிஃபைன் பிரஷ் பிரீசெட் கொடுத்து, பெயரும் வைத்து, புதுப் பக்கத்தில் ஒரு கிளிக் செய்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பெரியப்பா, பூ கருகிப்போச்சு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். நடுவட்டம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது, இதழ்கள் இருந்த இடத்தில் வெறும் புகை. மஞ்சள் எங்கே போனது, தான் என்ன தப்பு செய்தோம் என்று கட்டுரையை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். தப்பு அவளுடையது இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போட்டோஷாப்பில் பிரஷ் என்று சொல்வது ஒரு அச்சு. ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. ஸ்டாம்ப்பில் எழுத்து இருக்கும், மை இருக்காது, மை தனியாகப் பெட்டியில் இருக்கும் அல்லவா, அப்படித்தான். ஒரு படத்தை பிரஷ்ஷாக மாற்றும்போது மென்பொருள் அதிலுள்ள வண்ணத்தை எல்லாம் எறிந்துவிட்டு, எது எவ்வளவு இருட்டு, எது எவ்வளவு வெளிச்சம் என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொள்கிறது. கறுப்பாக இருந்த இடம் முழுசாகப் பதியும், வெள்ளையாக இருந்த இடம் பதியவே பதியாது, நடுவில் உள்ள சாம்பல் எல்லாம் அரைகுறையாகப் பதியும். சூரியகாந்தி இதழின் மஞ்சள் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கிறதே தவிர, வெளிச்சக் கணக்கில் அது வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிற நிறம். அதனால்தான் புகையாகப் போனது. நடுவட்டம் அடர் பழுப்பு, அதனால் அழுத்தமாக விழுந்தது. வண்ணம் எங்கிருந்து வருகிறது என்றால், நீங்கள் அந்த நேரத்தில் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் முன்புற வண்ணத்திலிருந்து, ஃபோர்கிரவுண்ட் கலர் என்கிறார்களே அது. அவள் கணினியைத் திறந்தபோது அது கறுப்பு. எனவே பூவும் கறுப்பு.

இதைப் பத்திரிகைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. உங்கள் முதல் பக்கத்து வண்ணப் படம் எப்படி அச்சாகிறது? சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு தகடுகள். எந்தத் தகட்டிலும் வண்ணம் கிடையாது, எங்கே எவ்வளவு மை விழ வேண்டும் என்ற விவரம்தான் இருக்கிறது. பல வண்ணம் வேண்டுமானால் தகடுகளைத்தான் கூட்ட வேண்டும். பிரஷ்ஷும் அதே சங்கதி.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. 2017 கடைசியில் வந்த போட்டோஷாப் சிசி 2018 பதிப்பிலிருந்து, பிரஷ்ஷைச் சேமிக்கும்போது வண்ணத்தையும் சேர்க்கவா என்று ஒரு டிக் பெட்டி வருகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கட்டுரையாளர் அப்படி எழுதினாரோ என்று எனக்குச் சந்தேகம். அது சேமிப்பது அப்போது நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வண்ணத்தை. படத்திலிருந்த வண்ணங்களை இல்லை. இரண்டும் வேறு வேறு. பல வருடத்துக்கு முன் நானே இதில் பணம் விட்டவன். முன்னோட்டப் படத்தில் ரோஜா, நீலம், ஆரஞ்சு என்று கொட்டிக் கிடந்த பூ பிரஷ்களின் தொகுப்பு ஒன்றை வாங்கி, இறக்கி, திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல். விற்றவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை, அவரும் பொய் சொல்லவில்லை, அந்த பிரஷ்களை வைத்து அவர் ஒவ்வொன்றாக வண்ணம் மாற்றி மாற்றித் தீட்டிய படம் அது, நான்தான் புரியாமல் வாங்கினேன். ஆனால் ஒரு பத்திரிகையே அதே தவறான எண்ணத்தை விதைத்தால் படிக்கிறவன் என்ன செய்வான்?

சரி, அப்படியானால் பல வண்ணம் வரவே வராதா? வரும். கட்டுரையில் சொல்லாத வழிகளில் வரும்.

போட்டோஷாப்பில் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு எஃப்5 அழுத்தினால் பிரஷ் செட்டிங்ஸ் பலகை திறக்கும், அதில் கலர் டைனமிக்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. எனக்குத் தெரிந்து பாதிப் பேர் அதைத் திறந்ததே இல்லை, ஆனால் அதன் வேலையைப் பார்க்காதவர்கள் கிடையாது. பழைய பதிப்புகளில் கூடவே வந்த மேப்பிள் இலை பிரஷ்ஷும், 112, 134 என்ற அளவுகளில் இருந்த இரண்டு புல் பிரஷ்களும் நினைவிருக்கிறதா? ஒரு இழுப்பு இழுத்தால் புல் ஒன்று கரும்பச்சை, பக்கத்தில் ஒன்று இளம்பச்சை என்று தானாக மாறி மாறி முளைக்கும். அந்த மாயம் முழுக்க கலர் டைனமிக்ஸ்தான். முன்புற வண்ணம், பின்புற வண்ணம் இரண்டையும் கொடுத்துவிட்டால் இழுப்பில் அடுத்தடுத்து விழுகிற அச்சுப் பதிவு ஒவ்வொன்றும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு கலவையை எடுத்துக்கொண்டு விழும். இது போக ஹியூ ஜிட்டர், சாச்சுரேஷன் ஜிட்டர், பிரைட்னஸ் ஜிட்டர் என்று இழுத்து நகர்த்தும் மூன்று கோல்கள், நிறம், நிறத்தின் அடர்த்தி, வெளிச்சம் மூன்றையும் தாறுமாறாக மாற்றிக்கொண்டே இருப்பவை. ஹியூ ஜிட்டரைக் கொஞ்சம் தள்ளினால் பச்சை பக்கத்திலுள்ள மஞ்சள்பச்சைக்கும் நீலப்பச்சைக்கும் போய்வரும், நூறுக்குத் தள்ளினால் வானவில்லே கொட்டும். கற்றுக்கொள்கிற பிள்ளைகள் எல்லாரும் முதலில் நூறுக்குத்தான் தள்ளுவார்கள், தள்ளட்டும், ஆனால் மரத்துக்கு இலை போட வேண்டுமானால் மூன்று, நான்கு சதவீதத்துக்கு மேல் போனால் பொம்மை மரமாகிவிடும்.

இங்கே இரண்டு இடத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள், கட்டுரையில் இந்த இரண்டுமே இல்லை. ஒன்று, முன்புற வண்ணம் கறுப்பு, வெள்ளை அல்லது சுத்தச் சாம்பலாக இருந்தால் ஹியூ ஜிட்டரை எவ்வளவு தள்ளினாலும் ஒன்றும் ஆகாது. அந்த நிறங்களில் நிறம் என்பதே இல்லையே, எதை மாற்றும்? ஆனால் புதிதாக வருகிறவர் டி எழுத்தை அழுத்தி, அதாவது கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொண்டு, கோலை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்துவிட்டு மென்பொருளைத் திட்டுவார். முதலில் ஒரு சிவப்போ பச்சையோ எடுங்கள், அப்புறம் பாருங்கள். இரண்டாவது, அதே பலகையில் அப்ளை பெர் டிப் என்று ஒரு டிக் பெட்டி. அதில் டிக் இல்லாவிட்டால் ஒரு முழு இழுப்புக்கும் ஒரே வண்ணம்தான், மவுஸை விட்டுவிட்டு மறுபடி இழுத்தால்தான் அடுத்த வண்ணம். டிக் போட்டால் இழுப்புக்குள்ளேயே ஒவ்வொரு பதிவும் மாறும். இந்த ஒரு டிக் தெரியாமல் பலர் இது தனக்கு வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

டிஜிட்டல் பேனா வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வசதி, அங்கேயே கன்ட்ரோல் என்பதில் பென் பிரஷர் கொடுத்தால் அழுத்தத்தைப் பொறுத்து இரண்டு வண்ணங்களுக்கு இடையில் போய்வரலாம். மவுஸ்காரர்களுக்கு ஃபேட் இருக்கிறது, இத்தனை பதிவுக்குள் முதல் வண்ணத்திலிருந்து இரண்டாவதற்கு மாறு என்று எண் கொடுக்கலாம். டூயல் பிரஷ் என்ற பெயரைப் பார்த்து அதில் இரண்டாவது வண்ணம் வரும் என்று மட்டும் போய்விடாதீர்கள். அது இரண்டு அச்சுகளை ஒன்றின் மேல் ஒன்று வைக்கிற விஷயம், வண்ணம் ஒன்றுதான்.

இதெல்லாம் ஒவ்வொரு பதிவுக்கும் வண்ணத்தை மாற்றுகிற வழி. ஒரே பதிவுக்குள் பல வண்ணம் வேண்டும் என்றால் அதற்கு மிக்ஸர் பிரஷ். 2010இல் வந்த போட்டோஷாப் சிஎஸ்5இல்தான் இது முதலில் வந்தது, இத்தனை வருடமாகியும் பிரஷ் டூலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கிடக்கிறது. மற்ற பிரஷ்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இது உண்மையான தூரிகை மாதிரி வண்ணத்தை அள்ளும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு படத்தின் ஓரிடத்தில் கிளிக் செய்தால் அந்த இடத்தில் பிரஷ் அளவுக்குள் என்னென்ன வண்ணம் இருக்கிறதோ அத்தனையையும் அப்படியே தூக்கிக்கொள்ளும், சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் என்று. மேலே உள்ள பட்டியில் லோட் சாலிட் கலர்ஸ் ஒன்லி என்பதில் டிக் இருந்தால் மட்டும் ஒற்றை வண்ணமாக எடுக்கும், அதை எடுத்துவிட வேண்டும். ஒரு சின்ன வட்டம் போட்டு அதில் இரண்டு மூன்று வண்ணம் கலந்து நிரப்பி, அதை இப்படி அள்ளி, பிரஷ் ஸ்பேசிங்கை, அதாவது பதிவுக்குப் பதிவு உள்ள இடைவெளியை, 1 சதவீதம் ஆக்கிக்கொண்டு வளைத்து இழுத்துப் பாருங்கள், பளபளவென்று ரப்பர் குழாய் போல எழுத்து வரும். விளம்பரங்களில் பார்த்துவிட்டு இதை முப்பரிமாண மென்பொருளில் செய்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெட், லோட், மிக்ஸ், ஃப்ளோ என்று நான்கு அளவுகள் அதற்கு. வெட் என்பது கீழே கிடக்கும் வண்ணத்தை எவ்வளவு இழுத்துக்கொள்வது, லோட் என்பது தூரிகையில் எவ்வளவு வண்ணம் ஏற்றியிருக்கிறது, குறைவாக வைத்தால் கொஞ்ச தூரத்திலேயே காய்ந்துபோகும். மற்ற இரண்டையும் இழுத்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், புது லேயர், அதாவது படத்தின் மேல் கண்ணாடித் தாள் விரித்த மாதிரி ஓர் அடுக்கு போட்டு, சாம்பிள் ஆல் லேயர்ஸ் டிக் போட்டுக்கொண்டு அதன் மேல் தீட்டுங்கள். அசல் படம் கீழே பத்திரமாக இருக்கும். இல்லாவிட்டால் முகம் வெண்ணெயாக உருகிவிடும், திரும்ப வராது.

மஞ்சளையும் நீலத்தையும் கலந்தால் பச்சை கிடைக்கும் என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அதுவும் தாளில் சரி, திரையில் இல்லை. திரை எந்த நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளால், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு வைத்துக் காட்டுகிறது. அதில் மஞ்சள் என்பது சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0. நீலம் என்பது 0, 0, 255. சரிபாதி கலந்தால் மூன்றும் சமமாக ஏறக்குறைய 128, அதாவது சுத்தச் சாம்பல். சிவப்பையும் பச்சையையும் கலந்தால் சேறு மாதிரி ஒன்று வரும். பெயிண்டில் பச்சை வருவதற்குக் காரணம் வேறு, நிறமித் துகள்கள் வெளிச்சத்தை உறிஞ்சுவதும் சிதறடிப்பதும். அந்தக் கணக்கை 1931லேயே குபெல்கா, முங்க் என்ற இருவர் சூத்திரமாக எழுதி வைத்துவிட்டார்கள், அதைப் பின்பற்றும் ஓவிய மென்பொருள்கள் இப்போது வந்திருக்கின்றன, ஆனால் போட்டோஷாப்பில் சாதாரண பிரஷ்ஷை வைத்துக்கொண்டு பச்சைக்குக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அப்புறம், எல்லா மென்பொருளிலும் இதே முறைதான் என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கட்டுரையாளர் சொன்ன விஷயம் அப்படியே நடக்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதுவும் இலவசமாக. கிம்ப். அதில் ஒரு படத்துண்டைத் தேர்ந்தெடுத்து காப்பி செய்தாலே போதும், பிரஷ் பட்டியலில் முதல் ஆளாக அது வந்து நிற்கும், அதே வண்ணங்களோடு தீட்டலாம். இன்னும் ஒரு படி மேலே போய், லேயருக்கு ஒரு படமாக வைத்து இமேஜ் ஹோஸ் என்ற வகையில், ஜிஐஹெச் கோப்பாகச் சேமித்தால், இழுக்க இழுக்க ஒவ்வொரு பதிவுக்கும் வேறு வேறு படம் விழும். வரிசையாக விழவா, கலைத்துப்போட்டு விழவா, இழுக்கும் திசையைப் பொறுத்து விழவா என்பதும் நம் இஷ்டம். நான்கு விதமாக வண்ணமுள்ள இலைகளை இப்படி ஒரு தடவை செய்து வைத்துக்கொண்டால் ஒரு தோப்பையே ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளிலும் வண்ணப் படத்தை அப்படியே பிரஷ் முனையாக வைக்கலாம், இல்லை முனையின் வெளிச்சம் இருட்டை மட்டும் வைத்துக்கொண்டு நிறத்தை நாம் கொடுக்கலாம். எண்ணெய்ப் பெயிண்ட் தடிமனாக இருப்பது போன்ற தோற்றம் இந்த இரண்டாவது முறையில் கிடைக்கும். ஆகவே கட்டுரையில் மென்பொருளின் பெயரை மட்டும் மாற்றியிருந்தால் பாதி சரியாகியிருக்கும்.

என் வேலை பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் கொடுப்பது. அங்கே இந்தப் பல வண்ண விஷயம் விளையாட்டு இல்லை. ஒரு முகத்துக்கு ஒரே தோல் நிறத்தை எடுத்துப் பூசினால் மெழுகுப் பொம்மைதான். உங்கள் முகத்தையே கண்ணாடியில் பாருங்கள், கன்னம், மூக்கு நுனி, காது மடல் கொஞ்சம் சிவந்திருக்கும், நெற்றி மஞ்சளுக்குச் சாயும், தாடி மழிக்கிறவருக்குத் தாடைப் பக்கம் சாம்பல் தட்டும். நான் படத்துக்கு மேல் ஒரு புது லேயர் போட்டு அதன் பிளெண்ட் மோடை கலர் என்று வைத்துவிடுவேன், வெளிச்சம் நிழல் எல்லாம் கீழே உள்ள பழைய படத்திலிருந்தே வந்துவிடும், என் பிரஷ் நிறத்தை மட்டும் கொடுக்கும். முன்புற வண்ணம் ஒரு தோல் நிறம், பின்புற வண்ணம் அதைவிடக் கொஞ்சம் சிவந்த ஒன்று, ஹியூ ஜிட்டர் 2 சதவீதம், ஃப்ளோ ரொம்பக் குறைவு. பார்க்கிறவருக்கு வண்ணம் மாறுவதே தெரியாது, தெரியவும் கூடாது, ஆனால் முகத்தில் ரத்தம் ஓடும். அந்த லேயரில் பிரைட்னஸ் ஜிட்டரைக் கூட்டினால் வெளிச்சம் மாறாது, நிறத்தின் அடர்த்திதான் கூடிக் குறையும், அதனால் நான் அதைத் தொடுவதில்லை.

இன்னொரு குறை, மன்னிக்க வேண்டும், இது மொழி பற்றியது. ஹியூ ஜிட்டர் என்பதைச் சாயல் நடுக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அழகான சொல்தான், ஆனால் படிக்கிறவர் கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டு மெனுவில் சாயல் நடுக்கத்தைத் தேடினால் எங்கே கிடைக்கும்? தம்பி மகள் தேடினாள். திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு, அது என்ன செய்கிறது என்பதை நல்ல தமிழில் விளக்கினால் இரண்டு வேலையும் நடக்குமே.

நான் கேட்பது இரண்டுதான். ஒன்று, படத்தை பிரஷ்ஷாக்கினால் வண்ணமும் வரும் என்ற வரிக்கு ஒரு திருத்தம், சின்னதாக ஒரு மூலையில் போட்டாலும் போதும். இரண்டு, இதே தலைப்பில் திரைப் படங்களோடு இன்னொரு கட்டுரை. எழுத ஆள் இல்லை என்றால் நானே எழுதித் தருகிறேன், பெயர்கூடப் போட வேண்டாம்.

சூரியகாந்தி என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவளிடம் உங்கள் அச்சகக் கதையைச் சொன்னேன். பூவை இதழ், நடுவட்டம், தண்டு என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முழுக் கறுப்பால் நிரப்பி, மூன்று தனி பிரஷ்களாகச் சேமித்தாள். கறுப்பால் நிரப்பியதால் இந்தத் தடவை புகை இல்லை. அப்புறம் மூன்று லேயர், தண்டுக்குப் பச்சை, இதழுக்கு மஞ்சள், வட்டத்துக்குப் பழுப்பு. இதழ் லேயரில் லாக் டிரான்ஸ்பரன்ட் பிக்சல்ஸ் போட்டுக்கொண்டு, வட்டத்தை ஒட்டிக் கொஞ்சம் ஆரஞ்சு தீட்டியது அவளாகவே செய்தது, நான் சொல்லவில்லை. வண்ணம் இதழை விட்டு வெளியே போகாமல் நின்றதில் அவளுக்கு ஒரே சந்தோஷம். நடுவட்டம் மட்டும் ஓரிரு நூல் வலப்பக்கம் தள்ளி விழுந்துவிட்டது. நகர்த்தித் தரவா என்றேன். வேண்டாம் பெரியப்பா, பேப்பரில்கூட சில நாள் சிவப்பு தள்ளித்தானே விழுகிறது என்றாள்.

இப்படிக்கு,
பழைய படங்களுக்கு வண்ணம் கொடுக்கும் ஒரு வாசகன்